சின்னையாவின் கழுத்தும் சில மில்லிமீட்டரும்

போன மாசம் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டு பக்கம் டீ குடிச்சிட்டிருந்தேன். பக்கத்து ஊர்ல ஒரு பையன் மரத்துல இருந்து விழுந்து கழுத்து ஒடிஞ்சிட்டதாப் பேச்சு. "இப்ப என்ன, ரோபோ வச்சு மாட்டிருதாங்களாம்லா! மறுநாளே நடக்கலாமாம்"னார் ஒரு அண்ணாச்சி. எனக்கு டீ இறங்கலை.

எங்க சின்னையா ஞாபகம். 1996 சித்திரையில ஆட்டுக்குக் குழை ஒடிக்க வேம்புல ஏறினவர், கிளை முறிஞ்சு தலைகுப்புற விழுந்தார். கரிசல் மழைக்குத்தான் சேறு, கோடையில கருங்கல்லு. நாலு பேர் ஆளுக்கொரு கை கால் பிடிச்சுத் தூக்கி வேன்ல போட்டோம். நான் பிடிச்சது இடது கால். தலை தொங்கிட்டே வந்துச்சு. விழுந்தப்போ கால் விரலை அசைச்சவர், பாளையங்கோட்டை போய்ச் சேர்றப்போ அசைக்கலை. அதுக்கப்புறம் ஏழு வருஷம் கட்டில்தான்.

அதுலேர்ந்து இந்தச் சமாச்சாரத்தைத் தேடித்தேடிப் படிக்கிறது என் வியாதி.

கழுத்தோட முதல் எலும்பு வெறும் வளையம். ரெண்டாவதுல இருந்து ஒரு முளை எழும்பி, வண்டி அச்சு மாதிரி அந்த வளையத்துக்குள்ள நிக்கும். தலையை இப்படி அப்படித் திருப்புறது பெரும்பாலும் இங்கதான். நடுவுல தண்டுவடம், ரெண்டு பக்கமும் மூளைக்குப் போற ரத்தக்குழாய். இதுக்கிடையில சுமார் மூணரை மில்லிமீட்டர் திருகாணியை இறக்கணும். நம்ம மும்பை கே.இ.எம். ஆஸ்பத்திரி டாக்டர் அதுல் கோயல் இந்த ரெண்டு எலும்பையும் தகடு, திருகாணி வச்சுப் பூட்டுற முறையை 1994ல வெளியிட்டார். 2001ல ஜெர்மனியோட ஹார்ம்ஸ் அதை மாத்தியமைக்க, இப்போ ரெண்டு பேர் பேரையும் சேர்த்தே சொல்றாங்க. ரோபோ இல்லை, கையும் கண்ணும் எக்ஸ்ரேயும்தான்!

ரோபோ ஆபரேஷன் தியேட்டருக்குள்ள நுழைஞ்சது 1985ல, கலிபோர்னியாவுல. தொழிற்சாலைக்குச் செஞ்ச 'பூமா' இயந்திரக்கையை வச்சு மூளையில ஊசி போட்டுச் சதை எடுத்தாங்க. முதுகெலும்புக்குன்னே இஸ்ரேல்காரங்க செஞ்ச 'ஸ்பைன்அசிஸ்ட்'டுக்கு 2004ல அமெரிக்க அனுமதி கிடைச்சது. ஆனா அது முக்கியமா நடுமுதுகு, இடுப்புக்குத்தான். மேல்கழுத்துல, முதல் ரெண்டு எலும்புக்கு ரோபோ துணையோட திருகாணி போட்டது பெய்ஜிங் ஜிஷுயிடான் ஆஸ்பத்திரியில, 2015ல.

அது தானா ஒண்ணும் வெட்டாது. சி.டி. படத்துல டாக்டர் கோடு போட்டுக் குடுக்க, அந்தக் கோட்டுல குழாயைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும், அவ்வளவுதான். துளை போடறது டாக்டர். பிரயோஜனம் இல்லாம இல்லை. ரோபோவுக்கு அண்ணன் முறையான கம்ப்யூட்டர் வழிகாட்டலைக் கோவை கங்கா மருத்துவமனையில டாக்டர் ராஜசேகரன் குழு சோதிச்சு 2007ல வெளியிட்டாங்க. 33 பேர், 478 திருகாணி, வளைஞ்ச நடுமுதுகு. வழிகாட்டல் இல்லாம 23 சதவீதம் எலும்பைத் தாண்டிச்சு, வழிகாட்டலோட 2 சதவீதம்தான்.

கழுத்துல சிக்கல் வேற. மல்லாக்கப் படுக்க வச்சுப் படம் எடுப்பாங்க, குப்புறப் படுக்க வச்சு ஆபரேஷன் பண்ணுவாங்க. ஒடிஞ்ச ரெண்டு எலும்பும் அதுக்குள்ள இடம் மாறியிருக்கும். படம் ஒண்ணு சொல்ல, உடம்பு வேற மாதிரி கிடக்கும். அதனால மேசையிலயே மறுபடி படம் எடுக்கணும்.

எல்லாம் கச்சிதமா முடிஞ்சாலும் பூட்டுறது எலும்பைத்தான். நசுங்கிச் செத்த தண்டுவடத்தை முளைக்க வைக்க ஒரு மிஷினும் கிடையாது. ஆய்க்குடி ராமகிருஷ்ணன், 1975ல பெங்களூர்ல கடற்படை அதிகாரித் தேர்வுல விழுந்து கழுத்துக்குக் கீழ செயலிழந்தவர். 1981ல அமர் சேவா சங்கம் ஆரம்பிச்சார், 2020ல பத்மஸ்ரீ. சின்னையாவை ஒருதடவையாவது அங்க கூட்டிட்டுப் போயிருக்கணும். 100 கிலோமீட்டர் கூட இருக்காது.

அண்ணாச்சிகிட்ட கேட்டேன், "அந்தப் பையனை எப்படித் தூக்கிட்டுப் போனாங்க?"

"எப்படி, கையையும் காலையும் புடிச்சுத்தான்."

108 ஆம்புலன்ஸ் 2008லயே வந்தாச்சு. அது வர்றவரைக்கும் அசைக்காம, ஒருத்தர் தலையை ரெண்டு கையாலயும் நேராப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்தாப் போதும்னு சொன்னேன். வேற வழியில்லாமத் தூக்கினா, பலகையோட, கட்டை உருட்டுற மாதிரி மொத்தமா. "கதவைக் கழட்டிக்கலாமோ?"ன்னார். கழட்டிக்கலாம்னேன்.