பார்வைப் புறணியும் காந்தத் துடிப்பும்: புறணியின் முன்நிலை குறித்து

பிடரிக்குச் சற்று மேலே கம்பிச்சுருளை வைத்துக் கணநேரம் மின்னோட்டம் பாய்ச்சினால், அதில் எழும் காந்தப்புலம் மண்டையோட்டைக் கடந்து உள்ளே பார்வைப் புறணியில் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. 1831இல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல்தான் இதன் அடிப்படை. 1985இல் ஷெஃபீல்டில் ஆன்டனி பார்க்கர் குழுவினர் இம்முறையால் மனித மூளையின் இயக்கப் புறணியைத் தூண்டிக்காட்டினர். நான்கு ஆண்டுகள் கழித்து அமாசியன் குழுவினர் நடத்திய சோதனையில், எழுத்துகள் திரையில் தோன்றி 80 முதல் 100 மில்லிநொடிக்குள் துடிப்பு விழுந்தபோது பார்ப்பவர்களால் அவற்றை அடையாளம் காண முடியவில்லை. துடிப்பு, தான் விழும் இடத்தைச் சிறிது நேரம் முடக்கிவைக்கிறது என்ற கருத்து இத்தகைய சோதனைகளால் வலுப்பெற்றது. அக்கருத்து போதாது என்பதே என் வாதம். துடிப்பின் விளைவைத் துடிப்பின் வலிமை மட்டும் முடிவுசெய்வதில்லை. துடிப்பு விழுமுன் புறணி இருந்த நிலையும், அதாவது அதன் முன்நிலையும், சேர்ந்தே முடிவுசெய்கிறது.

கண்ணை மூடியிருப்பவருக்கும் இதே துடிப்பு ஒளிப்பொட்டுகளைத் தோற்றுவிக்கிறது. முடங்கிப்போன புறணி ஒளியைக் காட்டாது. பூனைகளின் பார்வைப் புறணியில் நரம்பணுக்களின் செயல்பாட்டை நேரடியாக அளந்து 2007இல் வெளியான ஆய்வு இன்னும் தெளிவானது. தொடர் துடிப்புகளுக்குப் பின் நரம்பணுக்கள் தாமாக எழுப்பும் மின்சைகைகள் கூடின. காட்சிக்குத் தரும் எதிர்வினையோ நிமிடக்கணக்கில் குறைந்து கிடந்தது. ஒரே புறணியில் ஏற்றமும் இறக்கமும் சேர்ந்து நிகழ்ந்ததை முடக்கம் என்ற ஒற்றைச் சொல்லில் அடக்க முடியாது.

முன்நிலையின் பங்கை ஓர் எடுத்துக்காட்டில் பார்ப்போம். உடலையும் கரையையும் தனித்தனியே நெய்து கோக்கும் காஞ்சிபுரத்துக் கோர்வைத் தறியில் உடல் அரக்காகவும் கரை பச்சையாகவும் ஒரு சேலை ஏறியிருப்பதாகக் கொள்வோம். நெசவாளியின் பார்வை அரக்கு உடலைவிட்டு அதிகம் விலகாது. அரக்கையே நெடுநேரம் பார்த்த கண்ணை வெள்ளைச் சுவருக்குத் திருப்பினால் பச்சைச் சாயல் தெரியும். எதிர்நிறப் பின்பிம்பம் எல்லோரும் அறிந்ததே. 2007இல் சில்வான்டோ குழுவினர் இதன் மறுபக்கத்தைக் காட்டினர். ஒரு நிறத்தைப் பார்த்துப் பழகியவர்களின் பார்வைப் புறணியில் துடிப்பைச் செலுத்தியபோது, எழுந்த ஒளிப்பொட்டு எதிர்நிறத்தில் தோன்றவில்லை. பார்த்துப் பழகிய நிறத்தையே ஏற்றது. பழக்கத்தால் தளர்ந்திருந்த நரம்பணுக்களைத் துடிப்பு கூடுதலாக எழுப்பியது என்பது அவர்கள் விளக்கம். அதன்படி பார்த்தால், தறியைவிட்டு எழுந்தவருக்குச் சுவரில் பச்சையும் துடிப்பில் அரக்கும் தெரிய வேண்டும்.

இங்கே ஒரு தடை எழும். பூனை ஆய்வு நடத்திய குழுவே 2009இல், துடிப்புக்கு முன் செயல்பாடு மிகுந்திருந்தால் பின்விளைவும் மிகுந்தது என்றது. சில்வான்டோவோ தளர்ந்தவையே எழுகின்றன என்கிறார். என் பார்வையில் இவை ஒன்றையொன்று வெட்டவில்லை. முன்னது ஓர் இடத்தின் மொத்தச் செயல்பாட்டை அளந்தது. பின்னது ஒரே இடத்தில் கலந்திருக்கும் நரம்பணுக் கூட்டங்களுள் எது மேலெழுகிறது என்று கேட்டது. திசை எதுவாயினும் முன்நிலை விளைவை மாற்றுகிறது என்பதில் இரண்டும் ஒத்துப்போகின்றன. மயக்கத்திலிருந்த பூனையைக் கொண்டு விழித்திருக்கும் மனிதரைப் பற்றிப் பேசலாமா என்ற கேள்வியும் நியாயமானதே. அதனால்தான் மனிதரிடம் செய்த நிறச் சோதனைக்கு நான் கூடுதல் மதிப்புத் தருகிறேன். சுருளின் சொடுக்கொலியும் இமை துடிப்பதுமே எல்லாவற்றுக்கும் காரணம் என்பாரும் உண்டு. ஆனால் இமைத் துடிப்பு ஒளிப்பொட்டுக்கு நிறம் பூசாது.

ஒரு கண்ணின் பார்வை மங்கியிருக்கும் சோம்பல் கண் குறைபாட்டின் சிகிச்சையில் இது ஏட்டளவில் நிற்கும் விவாதம் அன்று. நொடிக்கு ஒரு துடிப்பு அடக்கும், பத்துத் துடிப்பு தூண்டும் என்பது நடைமுறை விதி. 2008இல் தாம்சன், ஹெஸ் முதலியோர் இரண்டு வேகங்களையும் சோதித்தபோது, இரண்டிலும் பலவீனமான கண்ணின் ஒளி வேறுபாட்டை உணரும் திறன் தற்காலிகமாக மேம்பட்டது. வேகத்தை மட்டும் நம்பும் விதிக்கு இது இடம்கொடுக்கவில்லை. ஆகவே சிகிச்சைக் குறிப்பேட்டில் துடிப்பின் வேகத்தையும் வலிமையையும் எழுதுவதோடு, அதற்கு முந்தைய நிமிடங்களில் நோயாளி எதைப் பார்த்துக்கொண்டிருந்தார், எந்த வெளிச்சத்தில் இருந்தார் என்பதையும் எழுத வேண்டும். அது இல்லாமல் இரண்டு மருத்துவமனைகளின் முடிவுகளை ஒப்பிடுவது பொருந்தாது.