தந்தை விட்டுச் சென்ற மோட்டார் வண்டி

பங்காருப்பேட்டையிலிருந்து மாரிகுப்பம் செல்லும் கிளை ரயில் பாதையில் கோரமண்டல் என்றொரு நிலையம் உண்டு. கோலார் தங்கவயலைச் சேர்ந்த அவ்வூரில், தகரக் கூரையிட்ட கொட்டகை ஒன்றில் என் தந்தையாரின் மோட்டார் வண்டி பன்னிரண்டு ஆண்டுகளாக அசையாது நின்றது. இரண்டு கதவுகள் கொண்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டு. 1966ஆம் ஆண்டில் உருவானது. தந்தையார் மறைந்தபின், "பழைய இரும்புக்காரரிடம் எடை போட்டுக் கொடுத்துவிடலாம் தம்பி" என்றார் அண்ணன். அவர் கூற்றில் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும் மூன்று மாத அவகாசம் தருமாறு நான் வேண்டிக்கொண்டேன்.

பழைய வண்டியைப் புதுப்பிக்க விரும்புவோர் முதலில் ஸ்பானரைத் தேடுவர். அது தவறு என்பதே என் அனுபவம். முதலில் தேடவேண்டியது அவ்வண்டியின் வரலாறு. வரலாறு தெரியாமல் ஒரு திருகைக் கழற்றினாலும், எதைக் காக்க வேண்டும், எதை மாற்ற வேண்டும் என்பது விளங்காமற் போகும்.

இவ்வண்டி பிறந்த இடம் சென்னையை அடுத்த வண்டலூர். 1948இல் நிறுவப்பட்ட ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்ற நிறுவனம், இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு கம்பெனியின் கூட்டுறவுடன் அங்கே தொழில் நடத்தியது. முழுமையாக உருவான கார்களை இறக்குமதி செய்வதை நம் அரசாங்கம் 1949இல் தடுத்தது. உள்நாட்டிலேயே பாகங்களைச் செய்யும் திட்டம் உடையவர்களே தொழிலைத் தொடரலாம் என்ற கொள்கை 1953இல் ஏற்பட்டது. பாகங்களைப் பூட்டி விற்றுவந்த ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ் ஆகியவை 1954க்குள் விலகின. எஞ்சி நின்ற சிலருள் வண்டலூரும் ஒன்று. அங்கு 1961 முதல் ஹெரால்டு வெளிவந்தது.

ஹெரால்டின் அமைப்புக்கும் ஒரு வரலாறு உண்டு. இங்கிலாந்தில் அந்நிறுவனத்துக்கு உடற்கூடு செய்து தந்த ஆலையை, போட்டி நிறுவனம் ஒன்று 1953இல் விலைக்கு வாங்கிவிட்டது. முழு உடற்கூட்டையும் ஒரே இடத்தில் செய்விக்க வழியில்லாத நிலையில், தனித்தனித் துண்டுகளை வெவ்வேறு இடங்களில் செய்வித்து, சேஸிஸ் எனும் அடிச்சட்டத்தின்மீது மரைகளால் பூட்டும் முறையைக் கைக்கொண்டனர். இத்தாலியரான மிக்கெலோட்டி அதற்கு உருவம் வரைந்தார். 1959இல் இங்கிலாந்தில் அது வெளிவந்தது. துண்டு துண்டாகப் பூட்டும் இம்முறை, பிற நாடுகளில் வண்டியைப் பூட்டுவதற்கும் ஏற்றதாக அமைந்தது. அங்கே நேர்ந்த இடர் இங்கே வசதியாயிற்று எனலாம்.

இவ்வரலாற்றை அறிந்த பின்னரே எங்கிருந்து தொடங்குவது என்பது தெளிவாயிற்று. ஹெரால்டுக்கு உயிர்நாடி அதன் அடிச்சட்டம். அதிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகளே உடற்கூட்டைத் தாங்குகின்றன. அவை துருவினால் கதவு சரியாக மூடாது. மேலே எத்தனை வர்ணம் பூசினும் பயனில்லை. ஆகவே கதவு இடைவெளிகளை அளந்து, வண்டியின் அடியை முதலில் சோதித்தோம். அடுத்து, முன்சக்கரம் திரும்புவதற்கு உதவும் 'டிரன்னியன்' என்னும் வெண்கல முடிச்சைப் பார்த்தோம். அதற்கு இடவேண்டியது கிரீஸ் அன்று, கியர் எண்ணெயே. இது பலருக்குத் தெரியாது. தெரியாமையால் அவ்விணைப்பு முறிந்து, சக்கரம் சாய்வதுண்டு. எஞ்சினை உடனே முடுக்கவில்லை. பழைய பெட்ரோலை வடித்து, பிளக்குகளைக் கழற்றி, சிலிண்டர்களில் சிறிது எண்ணெய் விட்டு, இரண்டு நாள் ஊறவைத்து, கையால் மெல்லச் சுழற்றினோம். 948 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள அச்சிறு எஞ்சின் முனகிக்கொண்டே சுழன்றது. அண்ணன் அப்பொழுதுதான் முதன்முறையாகக் கொட்டகைக்குள் வந்தார்.

ஆவணங்களையும் மறத்தல் ஆகாது. உரிமையாளர் இறந்தால் வாரிசுகள் 30 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்து, மூன்று மாதங்களுக்குள் படிவம் 31இல் விண்ணப்பிக்க வேண்டும். ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை மற்றொரு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் புதிய எண் பெறவேண்டும். வெளிமாநிலங்களில் வாழும் நம்மவர் இதனைக் குறித்துக்கொள்க. 50 ஆண்டுகளைக் கடந்த, சொந்த உபயோகத்துக்கான வண்டிகளைத் தொன்மை வண்டிகளாகப் பதிவு செய்ய 2021இல் விதி ஏற்பட்டது. ஆனால் அவை பெருமளவு மாற்றப்படாமல் பழைய உருவிலேயே இருத்தல் வேண்டும்; அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படுத்தலாகாது.

பழைய உருவம் என்றதும் ஓர் ஐயம் எழுந்தது. முன்மூடியைப் பூட்டும் இரு கொக்கிகளுள் ஒன்று வண்டலூரில் செய்ததன்று. சுரங்கத்தில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்ற பக்கத்து வீட்டுப் பெரியவர், தம் வீட்டுப் பட்டறையில் அராவி உருவாக்கித் தந்தது. அப்பொழுது கடைகளில் அப்பாகம் கிடைக்கவில்லை. 1988இல் வண்டலூர் ஆலை மூடப்பட்டது. 1880இல் ஜான் டெய்லர் கம்பெனியின் நிர்வாகத்தில் தொடங்கிய தங்கச் சுரங்கத் தொழிலும் 2001 பிப்ரவரி 28இல் நின்றது. வண்டியைச் செய்த ஆலையும் இல்லை. கொக்கி செய்தவருக்குத் தொழில் கற்பித்த சுரங்கமும் இல்லை. அக்கொக்கி மட்டும் இன்றும் இறுகப் பூட்டுகிறது.

அதனை மாற்றுவதா? அண்ணனே விடை கூறினார்: "அது அப்படியே இருக்கட்டும். அப்பா ஓட்டிய வண்டியில் அதுவும் சேர்ந்ததுதானே."

வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் தமிழர் தங்கவயலுக்கு வந்து, வந்த இடத்தில் கிடைத்ததைக் கொண்டு வாழ்வைச் செப்பனிட்டுக்கொண்டனர். தமிழகத்தில் பிறந்து இவ்வூருக்கு வந்த இவ்வண்டியும் அவ்வாறே வாழ்ந்திருக்கிறது. அத்தழும்புகளை அழித்துப் புதியதாக்குவது புதுப்பித்தல் ஆகாது. நேயர்களே, உங்கள் இல்லத்திலும் முன்னோர் விட்டுச்சென்ற பழம்பொருள் ஏதேனும் இருக்கலாம். அதனை விற்குமுன்னும் கழற்றுமுன்னும், அதன் கதையைக் கேட்டு எழுதி வையுங்கள். வேலை அங்கேதான் தொடங்குகிறது.