எந்த ஊர் நத்தை?

கொங்குப் பகுதியில் அந்நியரைக் கண்டதும் முதலில் வரும் கேள்வி 'எந்த ஊருங்க?' ஊரைக் கேட்பது எதைத் தெரிந்துகொள்ள என்பது கேட்பவருக்கும் தெரியும், சொல்பவருக்கும் தெரியும். மழை விட்ட ஒரு காலையில் ஆர்.எஸ்.புரத்து மதில்சுவரில் ஊர்ந்துகொண்டிருந்த பெரிய நத்தையைப் பார்த்து நானும் அதையேதான் கேட்டேன்.

அதன் பூர்வீகம் கிழக்கு ஆப்பிரிக்கா. 1847இல் மொரிசியசிலிருந்து இரண்டை உயிரோடு கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தவர் வங்காள சிவில் சர்வீஸ் அதிகாரி டபிள்யூ. எச். பென்சன். சௌரங்கித் தோட்டமொன்றில் விடப்பட்டு அவை பெருகின. மேற்குத் தொடர்ச்சி மலைக்கு மட்டுமே உரிய, சிவந்த உடல்கொண்ட இண்ட்ரெல்லா ஆம்புல்லா நத்தையை 1850இல் முதலில் விவரித்ததும் அதே பென்சன்தான். வந்தேறிக்கு வழிவிட்ட கைதான் மண்ணின் உயிருக்கும் பெயர் எழுதியிருக்கிறது.

ஓர் இனத்தை முதன்முதலாக விவரிக்கும்போது ஆதாரமாக வைக்கப்படும் ஓட்டை வகைமாதிரி என்கிறார்கள். பெயரில் சச்சரவு வந்தால் தீர்ப்பு அந்த ஓட்டை வைத்துத்தான். கூடவே ஒரு சீட்டு இருக்கும். அந்தச் சீட்டை ஒரு பிரதியாக வாசிக்க வேண்டும் என்பதே நான் சொல்ல வருவது.

சென்னை மாகாண வனத்துறைக்குத் தலைமை வகித்த பெட்டோம் (1830-1911) செடிகளோடும் பாம்புகளோடும் நத்தைகளையும் சேர்த்தார். 1875இல் தென்னிந்திய, இலங்கை நத்தைகள் சிலவற்றைப் புதிய இனங்களாக லண்டனில் வெளியிட்டார். அவர் சேகரிப்பில் பல ஓடுகளுக்கு முகவரி 'ஆனைமலை', அவ்வளவுதான். பொள்ளாச்சிப் பக்கத்து ஊருக்கும் அதே பெயர்; டாப்சிலிப், வால்பாறை தாண்டி 2695 மீட்டர் ஆனைமுடி வரை போகிற மலைத்தொடருக்கும் அதே பெயர். சின்ன நத்தை ஒன்று ஒரே ஒரு குன்றோடு வாழ்ந்து முடிந்துவிடக்கூடும். தேக்கைக் கணக்கெடுத்த நிர்வாகத்துக்கு 'ஆனைமலை' போதுமாயிருந்தது. காடரும் மலசரும் ஓடைக்கும் பாறைக்கும் வைத்திருக்கும் பெயர்களுக்குச் சீட்டில் இடமில்லை. ஓட்டைக் குனிந்து பொறுக்கியவர் யார் என்பதற்கும் இல்லை.

இது வெறும் ஏட்டுப் பிரச்சினையா? 1890களுக்குப் பிறகு வால்பாறைக் காடு காப்பிக்கும் தேயிலைக்கும் அழிந்தது. பெட்டோம் எடுத்த நத்தை ஒன்று இன்று கிடைக்கவில்லை என்றால், தோட்டம் அதைக் கொன்றதா, அது வேறு சரிவில் இன்னும் இருக்கிறதா? சரியான ஊர் தெரியாமல் அழிவைக்கூட நிரூபிக்க முடியாது. சீட்டின் மௌனம் தோட்ட முதலாளிக்குச் சாதகமான சாட்சி.

2014இல் ரஹீம், நாக்ஸ், பிரீஸ், அரவிந்த் முதலானோர் மேற்குத் தொடர்ச்சி மலை நத்தைகளை மறுஆய்வு செய்து வெளியிட்டார்கள். லண்டனிலும் கேம்பிரிட்ஜிலும் உள்ள வகைமாதிரிகளைப் படங்களாகப் பார்க்க முடிந்தது. ஓட்டைத் திருப்பிக் கொடு என்று கோஷம் போடுவது சுலபம். ஓடு வந்தாலும் ஊர் வராதே! அதற்கு மலையில் இருப்பவர்களோடு நடந்து திரும்பத் தேட வேண்டும். ஓடையின் பெயரையும் எடுத்தவர் பெயரையும் சேர்த்தே எழுத வேண்டும்.

இதே ஆர்.எஸ்.புரத்தில் வனத்துறை 1902இல் திறந்த காஸ் வன அருங்காட்சியகம் இருக்கிறது. அடுத்த தடவை போனால் காட்டெருமையை வேடிக்கை பார்த்துவிட்டு வந்துவிடாதீங்க. சீட்டுகளையும் படியுங்க. யார் பெயர் இருக்கிறது, யார் பெயர் இல்லை என்று பாருங்க.