ஒரே போல்ட், நாலு பாரல்

பழைய தமிழ்ப் படங்களில் போலீஸ்காரர் தோளில் தொங்குமே, ஒரு நீளத் துப்பாக்கி... அதுதான் 'த்ரீ நாட் த்ரீ'. அதன் பாரலை நம் நாட்டில் எத்தனை விதமாக மாற்றினார்கள், ஏன் மாற்றினார்கள் என்று தேடிப் போனால், அரசாங்கம் யாரை எவ்வளவு நம்பியது என்ற கணக்கு கிடைக்கிறது. பேங்க்காரன் இல்லையா, எதைப் பார்த்தாலும் கணக்குத்தான் :-)

துப்பாக்கிக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? பெங்களூரில் நான் முதலில் வேலை பார்த்த கிளையின் காவலர், அல்சூர் மெட்ராஸ் சாப்பர்ஸில் இருந்து ஓய்வு பெற்றவர். நம்ம வேலூர் பக்கம். கையில் இருந்தது பேங்க் கொடுத்த பன்னிரண்டு போர் ரெட்டைக் குழல். வாயில் இருந்தது ரைபிள் கதை. "ரைபிளுக்கு பாரல் மாத்த முடியுமாண்ணே?" என்று ஒருநாள் கேட்டேன். "மாத்தலாம் சார். ஆனா ரவைக்குப் பின்னாடி போல்ட் எவ்வளவு நெருக்கமா நிக்குதுன்னு பாக்கணும். அதுல கொஞ்சம் தப்பினாலும் வெடிப்பு நம்ம மூஞ்சிக்குத்தான்" என்றார்.

விஷயம் அதுதான். பாரல், பாடியில் மரை போட்டு முடுக்கிய ஒரு இரும்புக் குழல். கழற்றி வேறொன்றை முடுக்கலாம். ஆனால் புது ரவையின் அளவு, அழுத்தம், விளிம்பு எல்லாவற்றுக்கும் போல்ட் ஈடுகொடுக்க வேண்டும்.

முதல் கணக்கு 1857. கொழுப்பு தடவிய தோட்டா என்று சிப்பாய்கள் கொதித்தார்களே, அது என்ஃபீல்ட் ரைபிளுக்கான தோட்டா. பாரலுக்கு உள்ளே வரிவரியாகப் பள்ளம் வெட்டியிருப்பதால் குண்டு சுழன்று நேராகப் போகும். கலகம் அடங்கியதும் பிரிட்டிஷார் என்ன செய்தார்கள் தெரியுமா? பார்ப்பதற்கு அதே மாதிரி, ஆனால் உள்ளே வரிப்பள்ளமே இல்லாத வழவழப் பாரல் துப்பாக்கியை இந்தியச் சிப்பாய்க்கு என்று தனியாகச் செய்தார்கள். தூரத்துக் குறி தப்பும். போதும் உனக்கு இது, என்று அர்த்தம்.

1904-ல் கல்கத்தாவுக்கு வடக்கே, ஹூக்ளி கரையில் இச்சாப்பூர் ரைபிள் தொழிற்சாலை வந்தது. லீ-என்ஃபீல்ட் .303 அங்கேதான் தயாரானது. இது முதல் பாரல், ராணுவத்துக்கு.

இரண்டாவது .410. அதே ரைபிளில் வரிப்பள்ளம் இல்லாத அகலப் பாரல். மேகசினை அடைத்துவிட்டு, ஒரு தடவைக்கு ஒரு ரவை மட்டும். போலீசுக்கும் காவலர்களுக்கும் கொடுத்தது. கூட்டத்தில் யாராவது பிடுங்கிக்கொண்டு போனாலும் ராணுவ ரவையை அதில் போட்டுச் சுட முடியாது!

மூன்றாவதுதான் வேட்டைத் துப்பாக்கி. ராணுவ ரவை போடும் ரைபிளைப் பொதுமக்கள் வைத்திருக்கத் தடை இருந்தது. அதனால் லீ-என்ஃபீல்ட் போல்ட்டுக்கு ஆஸ்திரியாவின் பழைய 8 மில்லிமீட்டர் மான்லிக்கர் ரவைக்கான பாரலைப் பொருத்தி, .315 ஸ்போர்ட்டிங் ரைபிள் என்று இச்சாப்பூர் விற்றது. இரண்டு ரவைக்கும் அடியில் விளிம்பு உண்டு, அதனால் போல்ட்டை அதிகம் மாற்ற வேண்டியதில்லை.

நான்காவது 7.62. 1962 சீனப் போருக்குப் பிறகு வந்தது. இந்த ரவைக்கு அழுத்தம் அதிகம், விளிம்பும் கிடையாது. பழைய .303-க்கு வெறுமனே பாரல் மாற்றியது இது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. உறுதியான எஃகில் புதிதாகச் செய்த பாடி, மாற்றிய எக்ஸ்ட்ராக்டர், 12 ரவை மேகசின். பெயர் 2ஏ. அடுத்து வந்த 2ஏ1-ல் 2000 மீட்டர் வரை இருந்த குறிப்பலகையை 800 ஆகக் குறைத்தார்கள். நம் ஆட்கள் நம் ஆட்களுக்காகச் செய்த பாரல். எந்தத் திறனையும் வேண்டுமென்று குறைக்கவில்லை.

போலீசிடம் மட்டும் .303 கிளம்பவே இல்லை. 2008-ல் மும்பை ரயில் நிலையத்தில் ஏகே-47-க்கு எதிரே போலீஸ்காரர் கையில் இருந்தது அதுதான். உத்தரப் பிரதேச போலீஸ் அதற்கு விடை கொடுத்தது 2020 குடியரசு தினத்தில்!

இனி நம் வீட்டுக் கணக்கு. ஊரில் தாத்தாவின் .315 இருக்கிறது, பசங்க எல்லாம் பெங்களூரிலோ துபாயிலோ, என்ற குடும்பங்கள் உண்டு. 1972 வனவிலங்குச் சட்டத்தோடு வேட்டை முடிந்தது. லைசன்ஸ் தாத்தாவோடு போய்விடும். அதன்பின் துப்பாக்கி காவல் நிலையத்திலோ லைசன்ஸ் உள்ள டீலரிடமோ இருக்க வேண்டும். வாரிசு தனியாக மனுப் போட வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பின் ஒருவருக்கு இரண்டுதான், முன்பு மூன்று. அமெரிக்காவில் செய்வது போல வீட்டு ஷெட்டில் பாரல் மாற்றுவது இங்கே நடக்காது. ரிப்பேருக்கும் மாற்றத்துக்கும் 1959 ஆயுதச் சட்டப்படி லைசன்ஸ் வேண்டும்.

பக்கத்துக் குடகில் மட்டும் கொடவர்களுக்கு லைசன்ஸ் விலக்கு, பிரிட்டிஷ் காலத்தில் தொடங்கியது, 2029 வரை நீட்டித்திருக்கிறார்கள். ஒரு சமூகத்தை நம்பியதன் தொடர்ச்சி.

ஆகவே தாத்தாவின் ரைபிள் உங்கள் வீட்டில் இருந்தால், விற்பதற்கு முன் பாரலில் பொறித்திருப்பதை ஒருமுறை படியுங்கள். அந்த எண் ரவையின் அளவு மட்டுமல்ல. உங்கள் தாத்தாவை அன்றைய சர்க்கார் எந்த அளவுக்கு நம்பியது என்பதும் அதில்தான் இருக்கிறது.