கல்லைத் தட்டிய காது

இசைத்தூண் என்றதும் நம் கலை வரலாற்றாசிரியர்கள் அரசனின் பெயரைத் தேடக் கிளம்பிவிடுகிறார்கள். நெல்லையப்பர் கோயில் மணிமண்டபத்தில் பெருந்தூணும் சுற்றிலும் சிறு தூண்களுமாக ஒரே கல்லில் செதுக்கியிருக்கிறார்கள். தட்டினால் வெவ்வேறு சுரம். கட்டியது யார், எந்த நூற்றாண்டு என்றுதான் விவாதம். கல்லுக்குள்ள சுரம் இருக்குன்னு கண்டுபிடிச்ச காது யாருடையது?

ஹம்பி விட்டலர் கோயில் தூண்களைக் கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையத்தினர் ஆராய்ந்து 2008இல் முடிவுகளை வெளியிட்டார்கள். உள்ளே குடைவு ஏதும் கிடையாது. கெட்டிக் கல்தான் வளைந்து அதிர்ந்து ஒலிக்கிறது. அப்படியானால் தூணின் நீளத்திலும் பருமனிலும்தான் சுரம் இருக்கிறது. இது உளி பிடித்தவனின் கணக்கு.

அம்மி வாங்கப் போனாலும் தட்டித்தான் பார்ப்பார்கள். கணீர்னு வந்தா நல்ல கல்லு, மொத்துன்னு கேட்டா உள்ளே விரிசல். இந்தத் தொழிலறிவைத்தான் சிற்ப நூல்கள் ஆண் கல், பெண் கல் என்று வகுத்து வைத்தன. (ஓசையிலும் ஆண் பெண் பார்க்காமல் நமக்கு முடியாது.) ஆட்டையாம்பட்டிக்காரர்களுக்கு எட்டும் தூரத்தில் இருக்கும் தாரமங்கலத்தில் கல்லிலேயே சங்கிலி தொங்குகிறது. விரிசல் கண்ட கல்லில் ஒரு வளையம்கூட நிற்காது. ஆனாலும் நாம் சொல்வதென்னவோ கெட்டி முதலிகளின் பெயரைத்தான்.

கோயிலுக்கு வெளியே கல்லிசைக்கு இன்னும் நீண்ட வரலாறு உண்டு. ஆப்கானிஸ்தானத்தின் வடக்கிலும் உஸ்பெக், தாஜிக் மக்களிடையிலும் ‘கைராக்’ என்றொரு தாளக்கருவி இருக்கிறது. கைக்கு இரண்டாக நான்கு தட்டைக் கற்கள், அவ்வளவே. அரசன் வேண்டாம், மண்டபம் வேண்டாம். நம் பக்கத்திலேயே, பெல்லாரி அருகே குப்கல் குன்றில், தட்டினால் மணிபோல ஒலிக்கும் கரும்பாறைகள் இருக்கின்றன. அவற்றில் தட்டித் தட்டியே விழுந்த குழிகளும் உண்டு. புதிய கற்காலத்தில் மாடு மேய்த்தவர்கள் வாழ்ந்த குன்று அது. 1892இலேயே இதுபற்றி எழுதப்பட்டுவிட்டது. 2004இல் நிக்கோல் பொய்வின் மீண்டும் கவனப்படுத்தினார். நம் இசை வரலாறுகளில் இந்த மேய்ப்பர்களுக்கு ஒரு வரிகூட எளிதில் கிடைப்பதில்லை.

ஏனென்றால் கோயிலுக்குள் வந்த பிறகுதான் ஒலி ‘இசை’ ஆகிறது. கல் புனிதம், பறையின் தோல் தீட்டு. மிருதங்கத்தில் இருப்பதும் தோல்தான் என்பதை மட்டும் யாரும் பேசமாட்டார்கள். 1939இல் மதுரையில் ஆலய நுழைவு நடக்க வேண்டியிருந்தது. சட்டம் முழுமையாக வர 1947 ஆனது. அதுவரை பறை அடித்தவர்களுக்கு இசைத்தூண் என்பது மதிலுக்கு அந்தப்பக்கம் இருந்த சங்கதி.

குப்கலில் மதில் இல்லை. கல்குவாரிதான் வந்தது. பாறை ஓவியங்களில் ஒரு பகுதி வெடிவைத்ததில் போய்விட்டது.