புது மண்டபம்: சாமிக்குக் கட்டின இடம், சந்தையான கதை

போன வாரம் திருவிழாக் கூட்டத்துல, கோயில் வாசல்ல கடை போட விடலாமா வேண்டாமான்னு பெரிய வாக்குவாதம். எனக்கு உடனே ஞாபகம் வந்தது மதுரை புது மண்டபம். பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

மீனாட்சி அம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு நேர் எதிரே இருக்கிறது. பேருதான் புது, வயசு ஏறக்குறைய நானூறு. திருமலை நாயக்கர் (1623-1659) கட்டியது. சுமார் 333 அடி நீளம், 105 அடி அகலம், 124 தூண்கள். வைகாசி வெயில்ல அம்மனும் சுவாமியும் வந்து இளைப்பாறணும்னு வசந்த விழாவுக்காகவே எழுப்பினார். தூண்களில் திருமலை நாயக்கரும் அவருக்கு முந்தைய நாயக்க மன்னர்களும் கைகூப்பி நிற்கிறார்கள். கல் யானை கரும்பு தின்ற திருவிளையாடல், தாய்ப்பன்றியாக வந்து குட்டிகளுக்குப் பால் கொடுத்த சிவன், மீனாட்சி திருக்கல்யாணம் எல்லாம் அங்கே உண்டு.

ஆனா நான் முதல் தடவை போனப்ப இதுல பாதிகூட கண்ணுல படலை. தூணுக்குத் தூண் கடை! வளையல், குங்குமம், பித்தளைச் சாமான், பஞ்சாங்கம், பழைய பாடப் புத்தகம். நாயக்கர் சிலை பக்கத்துல பாவாடைத் துணி தொங்குது. நம்ம கோயில் அம்மனுக்குப் பட்டுப் பாவாடை வாங்கப் போன நானும் அந்தக் கூட்டத்துல ஒருத்தன்தானே, யாரைக் குறை சொல்றது?

தையல்காரர்களைப் பத்திச் சொல்லியே ஆகணும். சித்திரைத் திருவிழாவுல கள்ளழகருக்கு நேர்ந்துக்கிட்டு வேஷம் கட்டுற பக்தர்களோட உடையெல்லாம் அப்ப இங்கேதான் தைச்சாங்க. சரிகை வச்ச குல்லா, கச்சை, கருப்பசாமி உடை எல்லாம் கிடைச்சது. அந்தத் தையல்காரர்களில் முஸ்லிம் அன்பர்களும் உண்டு. அழகர் திருவிழா நெருங்கினா அவங்களுக்கும் தூக்கம் கிடையாது.

2018 பிப்ரவரி 2ஆம் தேதி ராத்திரி, எதிரே கோயிலுக்குள்ளேயே இருக்கிற வீரவசந்தராயர் மண்டபத்துல தீப்பிடிச்சது. அங்கேயும் கடைகள் இருந்தன. கடைகள் எரிஞ்சு, சூட்டுல கல் வெடிச்சு, கூரை இடிஞ்சு விழுந்தது. கல் மண்டபத்துக்குத் தீ என்ன செய்யும்னு நினைச்சவங்க வாயடைச்சுப் போனாங்க. அதுக்கப்புறம் புது மண்டபத்துக் கடைகளையும் எடுக்கணும்கிற பேச்சு வலுத்தது. சில வருஷத்துல கடைக்காரர்கள் பக்கத்துலயே குன்னத்தூர் சத்திரம் இருந்த இடத்துல எழும்பின புதுக் கட்டடத்துக்கு மாறினாங்க. பலருக்கு அது அப்பா, தாத்தா காலத்துக் கடை. மனசு கேட்குமா?

கடைசியா போனப்ப, புதுக் கட்டடத்துல கடை கடையா விசாரிச்சுத்தான் எங்க தையல்காரரைக் கண்டுபிடிச்சேன். "கோபுர வாசல்ல இருந்தப்ப ஆள் தானா வரும் தம்பி, இப்ப தேடி வரணும்" என்றார். அவர் சொன்னது நியாயம். அந்தத் தீயை நினைச்சா கடைகளை மாத்தினதும் நியாயம்தான். சத்தியமா எனக்கு ரெண்டுல எதையும் விட்டுக்கொடுக்க முடியலை.

அதனால அடுத்த கூட்டத்துல நான் சொல்லப்போறது இதுதான்: கடை இருக்கட்டும், ஆனா மண்டபத் தூணை ஒட்டி வேண்டாம், கேஸ் அடுப்பு வேண்டவே வேண்டாம். கார் நிறுத்துற பக்கம் பத்துக் கூடாரம் போட இடம் இருக்கு. வளையல் கடை அக்காவுக்கு வாசலுக்குப் பக்கமா முதல் கூடாரம் கொடுத்திடலாம். உங்க கருத்தை கீழே எழுதுங்க, கூட்டத்துல வாசிச்சுக் காட்டுறேன்.