ரங்கூன்காரர் வீட்டு நோட்டு

மேலூரில் அந்த வீட்டை இன்றும் 'ரங்கூன்காரர் வீடு' என்றுதான் சொல்கிறார்கள். கூடத்துச் சுவரில் ஒரு பழைய நோட்டு, கண்ணாடிச் சட்டத்துக்குள். கீழே பேரன் எழுதி ஒட்டிய சீட்டு: 'ரங்கூன், 1964'. "நே வின் செல்லாதுன்னு சொன்ன நோட்டு சார்" என்றார்.

கதையில் பிசகில்லை. 1962 மார்ச் 2-இல் ஜெனரல் நே வின் பர்மாவின் ஆட்சியைப் பிடித்தார். 1964 மார்ச்சில் கடைகள் அரசு கைக்குப் போயின. மே 17, ஞாயிற்றுக்கிழமை, 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாக்காசாயின. பத்தே நாளில் நேரு இறந்தார். அதனால் வீட்டில் எல்லோருக்கும் அது 'நேரு செத்த வருசம்'. அடுத்த சில ஆண்டுகளில் ஏறக்குறைய 3 லட்சம் இந்தியர்கள் பர்மாவை விட்டு வெளியேறினார்கள்.

நோட்டுதான் உறுத்தியது. இது பத்து. செல்லாமல் போனவை ஐம்பதும் நூறும். கிட்டப் போனேன். ஆங்கிலத்தில் 'ரூபாய்' என்றிருந்தது. பர்மா 1952-லேயே கியாட்டுக்கு மாறிவிட்டதே!

சட்டத்தைக் கழற்றச் சொன்னேன். பேரனுக்கு அரைமனசு. வரிசை எண் இல்லை. 'பி'யில் தொடங்கும் எழுத்துகள் மட்டும். மேலே 'ஜப்பானிய அரசாங்கம்'. 1942-இல் பர்மாவைப் பிடித்தவர்கள் அச்சடித்துவிட்ட பணம். மலாயாவுக்கு 'எம்', பர்மாவுக்கு 'பி'. 1945-இல் ஜப்பான் தோற்றதும் வெறும் காகிதம்.

நாலு வயதில் கப்பலேறிய பேரனின் அப்பாவிடம் கேட்டேன். "அதெல்லாம் இப்ப எதுக்கு சார்?" என்று எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். பழைய கதைகளைக் கேட்டு எழுதும் இந்த வேலையில் எனக்கு அதிகம் கிடைக்கும் பதில் இதுதான்.

அப்பத்தா தகரப் பெட்டியைத் திறந்தார். வெளிநாட்டவர் பதிவுப் புத்தகம், எஃப்.ஆர்.சி., துணியில் சுற்றியிருந்தது. படத்தில் ஒல்லியான இளம்பெண். கடைசி முத்திரை 1965. ஆக, கப்பலேறிய வருசமும் 1964 இல்லை. நோட்டை அவர் கையில் கொடுத்தேன்.

"இது எங்கய்யா வச்சிருந்த ஜப்பான்காரன் நோட்டு தம்பி. பெட்டிக்கு அடியில விரிச்சிருந்தேன். துறைமுகத்துல சேலைத் தலைப்பக்கூட உதறிக் காட்டச் சொன்னான். இத மட்டும் பாத்துச் சிரிச்சுப்புட்டு உள்ளயே வீசிட்டான்."

"அப்ப அந்த நூறு கியாட் நோட்டெல்லாம், அப்பத்தா?"

"ஒங்க தாத்தா வரிசையில நின்னு குடுத்துட்டு வந்தாரு. சீட்டு ஒண்ணு குடுத்தான். கப்பல் ஏறையில அதயும் வாங்கிக்கிட்டான்."

பேரன் சட்டத்தையும் ஒட்டிய சீட்டையும் மாறி மாறிப் பார்த்தார். "இப்ப இதுல என்னன்னு எழுத?"

"எங்கய்யா நோட்டுன்னு எழுது."